அங்கம்மாள் காரின் பக்கத்து இருக்கை

தேன்கல்பட்டிக்காரர்கள் யாரும் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போவதில்லை. ஏன் என்று மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுக்காரர்கள் கேட்டால், எங்கள் ஊர்க் காரில் நோயாளிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தாக வேண்டும், வலியில் ஒரு பங்கு அந்த ஆளுக்குப் போய்விடும் என்று, மழை பெய்தால் ஓடையில் தண்ணீர் வரும் என்று சொல்கிற அதே குரலில் சொல்லிவிட்டு, மிளகுக் கொடியைப் பற்றியோ இந்த வருடப் பலாவைப் பற்றியோ பேசத் தொடங்கிவிடுவார்கள். ஒளிப்பதற்கு அதில் எதுவும் இல்லை. அதற்கு மேல் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு உண்மையாகவே தெரியாது.

அந்தக் காரை ஓட்டுகிறவள் அங்கம்மாள். நாற்பத்து மூன்று வயது, ஒல்லியான உடம்பு, அதிகம் பேசாதவள். கார் அவளுடைய கணவன் நாச்சிமுத்து வாங்கியது. முன்சக்கரம் இழுக்கிற சின்ன வண்டி, நான்கு பேர் நெருக்கிக்கொண்டு உட்காரலாம். தேன்கல்பட்டி மலையின் உச்சியில் இருக்கிறது. ஊரிலிருந்து தார் ரோட்டைப் பிடிக்க மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதை, அதற்குப் பிறகு முப்பத்தெட்டு கொண்டை ஊசி வளைவுகள், அதற்கும் கீழே நாமக்கல் போகிற ரோடு. வளைவுகளைப் பற்றி யாருக்கும் பயமில்லை. பயமெல்லாம் மண் பாதையின் நடுவில் வருகிற நரிக்கல் ஏற்றத்தைப் பற்றித்தான். அங்கே இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் களிமண். ஒரு மணி நேரம் மழை பெய்தால் போதும், வலது சக்கரம் களிமண்ணில் இறங்கிச் சுற்றிக்கொண்டே இருக்கும், இடது சக்கரம் பாறை மேல் அசையாமல் நிற்கும், வண்டி ஓரடி நகராது.

நாச்சிமுத்து இறந்தது அந்த ஏற்றத்தில் வண்டி நின்றதால்தான். ஏழு வருடத்துக்கு முன்னால், ஐப்பசியில், இரண்டு வாரம் மழையே இல்லாமல் இருந்து காலையில்கூட நல்ல வெயில் அடித்த ஒரு நாளில், கிணற்றடியில் அவரைக் கட்டுவிரியன் கடித்தது. காரில் படுக்க வைத்துக் கிளம்பும்போது வானம் இருண்டது, நரிக்கல்லுக்கு வரும்போது கொட்டித் தீர்த்தது. ஓட்டியது அவருடைய தம்பி வையாபுரி. பின்சீட்டில் அங்கம்மாள் மடியில் புருசனின் தலை. வலது சக்கரம் களிமண்ணில் இறங்கியதும் வையாபுரி ஆக்சிலேட்டரை மிதித்தான். கல் வைக்கலாம், காலை எடு, இறங்கித் தள்ளலாம் என்று அங்கம்மாள் பின்னாலிருந்து சொல்லச் சொல்ல அவன் காலை எடுக்கவே இல்லை. டயர் கருகி நாற்றம் வந்தது, கண்ணாடி முழுக்கச் சேறு அடித்தது, சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொண்டது. ஊர்க்காரர்கள் ஓடிவந்து வண்டியைத் தூக்கி வெளியே வைக்க நாற்பது நிமிடம் ஆனது. பதினெட்டாம் வளைவில் நாச்சிமுத்துவின் மூச்சு நின்றது.

சாவு வீட்டில் வையாபுரி அழவில்லை. அதை எல்லோரும் பார்த்தார்கள், அங்கம்மாள் மற்றவர்களைவிட அதிகமாகப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவன் அந்தக் காரில் ஏறியதும் இல்லை, அதைத் தொட்டதும் இல்லை. அண்ணன் தம்பி வீடு இரண்டும் ஒரே வாசலில் எதிரெதிராக இருந்தன. அங்கம்மாள் அவனுடைய மனைவி கலாமணியோடு பேசினாள், அவர்கள் குழந்தை மௌனிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு ஊட்டினாள், வையாபுரியிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வாசலில் நின்றால் அந்த இடத்தில் யாரும் இல்லாததுபோலக் கடந்து போவாள். கீழே போய் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்து, ஊருக்கு வாடகைக் கார் ஓட்டத் தொடங்கினாள். நரிக்கல்லில் மழை நாளில் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். நோயாளிகளும் சில சமயம் இறங்கித் தள்ளினார்கள்.

அப்படி இரண்டு வருடம் ஓட்டிய பிறகு ஒருநாள், கிளட்ச் தேய்ந்துபோய் நாமக்கல்லில் நூர்தீன் பாயின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனாள். நூர்தீன் பாய் பட்டறை வைப்பதற்கு முன்னால் கோயம்புத்தூரில் பந்தயக் கார்களுக்குப் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவர். பேசும்போதும் கையில் ஏதாவது ஒரு பல்சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே பேசுகிறவர். வேலை நடக்கும்போது அவள் நரிக்கல்லைப் பற்றிச் சொன்னாள். புருசனைப் பற்றிச் சொல்லவில்லை, சக்கரத்தைப் பற்றி மட்டும் சொன்னாள்.

“இன்ஜின் தர்ற பலத்தை ரெண்டு சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்கிறது டிஃபரன்சியல்மா,” என்றார் அவர். “வளைவுல ஒரு சக்கரம் வேகமாவும் ஒண்ணு மெதுவாவும் சுத்தணுமில்ல, அதுக்காக வச்சது. ஆனா அதுக்கு ஒரு குணம் இருக்கு. எது லேசாச் சுத்துதோ, போறதெல்லாம் அந்தப் பக்கமே போயிரும். வழுக்கிறது வழுக்கிக்கிட்டே இருக்கும், உறுதியா நிக்கிறதுக்கு ஒண்ணும் கிடைக்காது.”

நிற்கிற சக்கரத்துக்கும் கொடுக்கிற மாதிரி ஒன்று கிடையாதா என்று அங்கம்மாள் கேட்டாள்.

நூர்தீன் பாய் துடைப்பதை நிறுத்தினார். உள்ளே போய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பொருளை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வந்தார். இதே மாதிரிக் கார் ஒன்று பந்தயத்தில் ஓடி, ஓய்ந்து, உடைக்கப்பட்டபோது அதிலிருந்து கழற்றி வைத்த லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்சியல் அது. எட்டு வருடமாக யாருக்கும் கொடுக்க மனம் வராமல் வைத்திருந்தார். இது வாடகை வண்டிக்கு ஆனதில்லை, ஸ்டீரிங் கையைப் பிடித்து இழுக்கும், வளைவில் கடகடவென்று சத்தம் வரும் என்றெல்லாம் சொன்னார். ஒரு பக்கம் வழுக்கினால் இது மறுபக்கத்துக்கும் கொடுக்கும். ஆனால் எல்லாவற்றையும் கொடுக்காது, அதற்கு ஒரு அளவு உண்டு, அதுதான் பேரிலேயே லிமிடெட் என்று இருக்கிறது என்றும் சொன்னார். மாட்டிவிடுங்கள் என்றாள் அவள்.

இரண்டு நாள் வேலை. அங்கம்மாள் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். அவர் இரண்டு பக்க ஆக்சிலையும் உருவினார், கியர் பாக்ஸை இறக்கி மேசை மேல் வைத்துப் பிளந்தார், உள்ளே தேங்காய் அளவில் உட்கார்ந்திருந்த பழைய டிஃபரன்சியலை வெளியே எடுத்து, அதைச் சுற்றியிருந்த பெரிய பல்சக்கரத்தை மட்டும் கழற்றிப் புதியதில் பொருத்தினார். போல்ட்டுகளை வரிசையாக முறுக்காமல், ஒன்றை முறுக்கினால் அடுத்து அதற்கு நேரெதிரில் இருப்பதை முறுக்கினார்; ஒவ்வொன்றும் அளவுக்கு வந்ததும் ஸ்பேனர் டக்கென்று ஒரு சத்தம் போட்டது. பேரிங்கை அழுத்தி இறக்கினார், அதற்குக் கீழே காகிதம்போல மெல்லிய தகடுகளை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, விரலால் சுற்றிப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டார். எல்லாம் மூடி, எண்ணெய் ஊற்றி, வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்திய பிறகு, அவளைக் கூப்பிட்டு வலது சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னார். சுற்றினாள். இடது சக்கரமும் அதே பக்கமாகச் சுற்றியது. பழையதில் இது எதிர்ப்பக்கம் சுற்றும் என்றார் நூர்தீன் பாய். பிறகு லாரிகள் நிற்கிற காலி மைதானத்தில், உள்ளே இருக்கிற தகடுகள் ஒன்றோடொன்று பழகட்டும் என்று, எட்டுப் போட்டபடி அரை மணி நேரம் மெதுவாக ஓட்டச் சொன்னார். அங்கம்மாள் ஓட்டினாள். கடகடவென்று சத்தம் வந்தது, பிறகு குறைந்தது.

அந்த வாரமே மழை பிடித்தது. நரிக்கல்லில் வலது சக்கரம் களிமண்ணில் இறங்கி ஒரு கணம் வழுக்கியது, ஸ்டீரிங் அவள் கையைச் சுண்டி இழுத்தது, இடது சக்கரம் பாறையைப் பற்றிக்கொண்டு வண்டியை மேலே தூக்கிவிட்டது. யாரும் இறங்கவில்லை. ஊர்க்காரர்கள் நான்கைந்து பேர் குடை பிடித்துக்கொண்டு ஏற்றத்தில் நின்று பார்த்தார்கள், பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் பூங்கோதைக்கு இடுப்பு வலி கண்டது. தலைப்பிரசவம். பின்சீட்டில் வலப்பக்கம் அவளும் இடப்பக்கம் அவள் மாமியார் நல்லம்மாளும் ஏறினார்கள். நரிக்கல்லில் சக்கரம் வழுக்கி, பிடித்து, வண்டி மேலே ஏறிய அந்த நொடியில் பூங்கோதையின் முனகல் பாதியாகக் குறைந்தது, நல்லம்மாள் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். மூன்றாம் வளைவில் அங்கம்மாள் கண்ணாடியில் பார்த்து என்னவென்று கேட்டாள். இது என்ன வலி என்று நாலு பெற்றவளுக்குத் தெரியாதா, வண்டியைப் பார்த்து ஓட்டு என்றாள் நல்லம்மாள். வலி ஒவ்வொரு முறை எழும்போதும் மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்து ஒரே நேரத்தில் விட்டார்கள். இருபதாம் வளைவுக்குப் பிறகு ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள், கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அதுவரை அவர்கள் அப்படிப் பிடித்துக்கொண்டதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு வந்த ஆள் நல்லம்மாளைத்தான் ஏற்றப் பார்த்தார். வண்டியை விட்டு நூறடி நடந்ததும் அவரவர் வலி அவரவரிடம் திரும்பிப் போனது. அதற்குள் பூங்கோதை பிரசவ அறைக்குள் போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்தது.

அங்கம்மாள் அன்றைக்கே நூர்தீன் பாய்க்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார். எண்ணெய் ஒழுகுகிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். நேராகப் போகும்போது சத்தம் வருகிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். அப்படியானால் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது, அடுத்த வருடம் எண்ணெய் மாற்றிவிடலாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஊர் இதைப் பழகிக்கொள்ள ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை. முதலில் எதெதற்கு வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். பல்வலியோடு போன சடையப்பன் பக்கத்தில் சாமை மூட்டையை வைத்துப் பார்த்தான்; மூட்டைக்கு ஒன்றும் போகவில்லை. ஆட்டைக் கட்டிவைத்துப் பார்த்தான். ஆடு தலையைச் சாய்த்துக் கதறியது, ஆட்டின் பசி இவனுக்கு வந்து, வளைவுகள் முடிவதற்குள் ஆட்டுக்கென்று கொண்டுவந்த பலா இலையில் பாதிக்கட்டை இவன் தின்றுவிட்டான். ஆட்டை இனிமேல் யாரும் ஏற்றக் கூடாது என்று ஊரில் பேசி முடிவு செய்தார்கள். குடித்தவனும் குடிக்காதவனும் பக்கத்தில் உட்கார்ந்தால் இருவருமே பாதிப் போதையில் இறங்கினார்கள் என்பதால், குடித்தவர்கள் நடந்தே வர வேண்டும் என்பதும் முடிவானது. கிராம செவிலியர் எஸ்தர் வீடுவீடாகப் போய், கர்ப்பிணிகள் யாருக்கும் துணைக்கு ஏறக் கூடாது, நெஞ்சுவலிக்காரருக்கு அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் துணை போகக் கூடாது, காய்ச்சலுக்குப் போகிறவர் முந்தின நாள் இரவே துணைக்கு வருகிற ஆளிடம் நன்றாகச் சாப்பிடச் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். எல்லாம் நியாயமாகவே இருந்ததால் யாரும் மறுக்கவில்லை.

பிறகு மனிதர்களைப் பற்றித் தெரியத் தொடங்கியது. பதினைந்து வருடமாக முதுகுவலி என்று கட்டிலை விட்டு எழாத பெரியண்ணனுக்குத் துணையாக அவர் மனைவி ஏறினாள். கீழே இறங்கியதும், இதைவிட அதிகமாக எனக்கு ராகி அரைக்கும்போதே வலிக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். பெரியண்ணன் மறுநாளிலிருந்து காட்டு வேலைக்குப் போனார். அதே போல, மாதாமாதம் வயிற்றுவலி என்று மூலையில் சுருண்டுகிடந்து, நடிக்கிறாள் என்று பேர் வாங்கியிருந்த தேன்மொழிக்குத் துணையாக அவள் புருசன் செங்கோடன், சிரித்துக்கொண்டுதான் ஏறினான். பத்தாம் வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ரோட்டோரத்தில் குந்தி வாந்தி எடுத்தான். எழுந்து வந்து மறுபடியும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான். நாமக்கல் வேண்டாம், நேராகச் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். அதற்குப் பிறகு அவளைப் பற்றி எவரையும் எதுவும் பேச அவன் விடவில்லை. பெண் பார்க்க வருகிற இடத்தில், மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று கேட்டுவிட்டு, காரில் துணைக்கு ஏறுவாரா என்று கேட்பதும் தேன்கல்பட்டியில் வழக்கமாகிவிட்டது. ஏறுகிறேன் என்று சொன்னவர்கள் எல்லோரும் ஏறவில்லை. ஏறாதவர்களை யாரும் திட்டவும் இல்லை. ஆனால் அவர்கள் யார் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

துக்கமும் அப்படியே பங்குபோகும் என்பது அங்கம்மாளுக்கு எல்லோருக்கும் முன்னால் தெரிந்தது. வார்டு மெம்பர் ஒருவர் அவசரமாகக் கீழே போக வேண்டியிருந்து, பின்சீட்டில் இடமில்லாமல் முன்னால் அவளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நான்காம் வளைவில் அவர் கண்ணைத் துடைத்தார். ஏழாம் வளைவில் தேம்பித் தேம்பி அழுதார், ஏன் அழுகிறேன் என்று தெரியவில்லையே அம்மா என்று அவளிடமே கேட்டார். அங்கம்மாள் வண்டியை நிறுத்தி அவரைப் பின்னால் நெருக்கி உட்காரவைத்தாள். அந்த ஏழு வளைவு தூரம் தன் மார்பு லேசாக இருந்தது அவளுக்குத் தெரிந்தது. அது அவளுக்குத் திருட்டுப் பொருளைக் கையில் வைத்திருப்பதுபோல இருந்தது. அதிலிருந்து முன்சீட்டில் யாரையும் ஏற்றுவதில்லை. ஊரும் கேட்கவில்லை. அங்கம்மாள் பக்கத்தில் உட்காருவதற்கு ஆள் இல்லை என்று ஊர் அதை ஏற்றுக்கொண்டது.

புதிய டிஃபரன்சியல் வந்து ஐந்து வருடம் இப்படி ஓடியது. ஒருமுறை உள்ளே தகடுகள் தேய்ந்து, நூர்தீன் பாய் பிரித்து மாற்றிக் கொடுத்தார்.

அந்த வருடம் ஐப்பசியில், பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானமே திரும்பி வந்த மௌனிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. எஸ்தர் வந்து வலது அடிவயிற்றில் விரலை வைத்து அழுத்தி, எடுத்தபோது குழந்தை துடித்தது. குடல்வாலாக இருக்கும், வெடிப்பதற்குள் கீழே கொண்டுபோக வேண்டும், ஆப்பரேசன் செய்வார்கள், குழந்தைக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு என்பதால் அப்பாவும் அம்மாவும் இருவருமே போக வேண்டும் என்றார். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அங்கம்மாள் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தாள். மௌனிகாவைப் பின்சீட்டில் வலப்பக்கம் சாய்த்து வைத்தார்கள். கலாமணி சுற்றி ஓடிவந்து இடப்பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினாள். வலி தனக்கே வரட்டும் என்று சீட்டைப் பிடித்துக்கொண்டாள், அதற்குப் பிறகு அவளை நகர்த்த முடியவில்லை. வையாபுரி மழையில் நின்றுகொண்டிருந்தான். பின்னாலேயே எப்படியாவது வந்துவிடுகிறேன் என்று மனைவியிடம் சொன்னான். எப்படி வருவான் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த மழையில் மோட்டார் சைக்கிள் நரிக்கல்லைத் தாண்டாது, பஸ் தார் ரோட்டுக்கே மாலையில்தான் வரும். மௌனிகா கண்ணாடி வழியாகக் கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா வந்தாத்தான் நான் போவேன்,” என்றாள்.

மூன்று பேரும் காத்திருந்தார்கள். அங்கம்மாள் ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி முன்பக்கக் கதவை உள்ளேயிருந்து திறந்துவிட்டாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

வையாபுரி ஏறி உட்கார்ந்தான். முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, வண்டி நகரும்போது கண்ணை மூடிக்கொண்டான்.

அங்கம்மாள் அந்த நேரத்தில் என்ன நினைத்தாள் என்பதை அவள் பிறகு கலாமணியிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். ஏழு வருடமாக நான் ஒருத்தியே வைத்திருந்ததில் இன்றைக்கு ஒரு பங்கு இவனுக்குப் போகட்டும், வார்டு மெம்பர் நான்காம் வளைவில் அழுதார், இவன் இரண்டாம் வளைவிலேயே அழட்டும், அது என்ன கனம் என்று இவனுக்கும் தெரியட்டும் என்றுதான் நினைத்தாள். அப்படி நினைப்பதற்கு அவளுக்கு வெட்கமாக இல்லை. நரிக்கல்லில் வண்டி வழக்கம்போல வழுக்கி, பிடித்து, ஏறியது. பின்னால் மௌனிகாவின் அழுகை தணிந்தது. அங்கம்மாள் தன் மார்பு லேசாவதற்காகக் காத்திருந்தாள்.

ஆகவில்லை.

முதல் வளைவு, இரண்டாம் வளைவு, ஐந்தாம் வளைவு. ஒன்றும் குறையவில்லை. அவன் பக்கமாக ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் ஏறியபோது எப்படி இருந்தானோ அப்படியே இருந்தான். தகடு மறுபடியும் தேய்ந்துபோய் டிஃபரன்சியல் வேலை செய்யவில்லை என்று நினைத்தாள். கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். கலாமணி தன் வலது அடிவயிற்றை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு குனிந்திருந்தாள், மௌனிகா சாய்ந்தபடியே அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அது சரியாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அப்படியானால் இவனுக்கு நெஞ்சே கிடையாதா, இவன் என்ன சாமை மூட்டையா என்று நினைத்தாள். ஒன்பது, பத்து, பதினொன்று என்று வளைவுகள் போயின. மூட்டையாக இருந்தால் அவளுக்கு ஒன்றும் குறையாது, சரி. ஆனால் நெஞ்சுள்ள மனுசன், துக்கமில்லாத மனுசன் பக்கத்தில் இருந்தால், வார்டு மெம்பர் பக்கத்தில் இருந்தபோது ஆனதுபோல லேசாகத்தானே வேண்டும்.

பதினான்காம் வளைவைத் தாண்டி ரோடு கொஞ்ச தூரம் நேராகப் போகிறது. நேரான ரோட்டில் ஸ்டீரிங் அவள் கையை எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. பட்டறையில் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு நாள் பார்த்ததெல்லாம் அவளுக்குத் தெரியும்: இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும்போது, உள்ளே இருக்கிற சின்னப் பல்சக்கரங்கள் ஒன்றின்மேல் ஒன்று உருளாது, எல்லாம் ஒரே கட்டியாகச் சேர்ந்து சுற்றும். கொடுப்பதற்கும் இருக்காது, வாங்குவதற்கும் இருக்காது.

அங்கம்மாள் வண்டியை ஓரமாக நிறுத்தவில்லை. பின்னால் குழந்தை இருந்தது. வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தாள்.

“வையாபுரி,” என்றாள். ஏழு வருடத்தில் அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. “உனக்கு ஏதாச்சும் வித்தியாசமாத் தெரியுதா?”

அவன் கண்ணைத் திறந்தான். “இல்லீங்க அண்ணி.”

“கூடவும் இல்லையா?”

“இல்லீங்க. எப்பவும் இருக்கிற மாதிரியேதான் இருக்குதுங்க.”

எனக்கும் அப்படித்தான் என்று அவள் சொன்னாள். பதினெட்டாம் வளைவு வந்தபோது இரண்டு பேரும் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கியரைக் குறைத்து, ஹாரன் அடித்து, திருப்பினாள். மேலே ஏறி வந்த பால் வேன் ஒன்று ஒதுங்கி நின்று வழிவிட்டது.

ஆஸ்பத்திரியில் வயிற்றைத் தொட்டுப் பார்த்த டாக்டர் உடனே உள்ளே கொண்டுபோகச் சொன்னார். கலாமணிக்கு வலி போய்விட்டிருந்தது. மகளுக்கு அது முழுதாகத் திரும்பிப் போயிருக்கும் என்று தெரிந்து அவள் அறை வாசலிலேயே நின்றாள், பிறகு ஒரு நர்ஸ் அவளைப் பக்கத்து அறையில் உட்காரவைத்தார். வையாபுரி ரத்தம் கொடுத்துவிட்டு, கையை மடக்கிப் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்தான். வராந்தாவில் ஒரு நீளப் பெஞ்சு இருந்தது. ஒரு முனையில் அங்கம்மாள் இருந்தாள். அவன் நின்றான். உட்கார் என்றாள். மறுமுனையில் உட்கார்ந்தான்.

அவன்தான் முதலில் பேசினான். அன்றைக்கு ஏன் காலை எடுக்கவில்லை என்று தனக்கே தெரியவில்லை என்று சொன்னான். காலை எடுத்தால் இன்ஜின் சத்தம் நின்றுவிடும், அந்தச் சத்தம் நின்றால் அண்ணனும் நின்றுவிடுவார் என்று தோன்றியதாம். காது முழுக்க அதுதான் இருந்ததால் பின்னால் யார் என்ன சொன்னதும் தனக்குக் கேட்கவில்லை என்றான். சொல்லிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“கடைசியா அண்ணன் ஏதாச்சும் சொன்னாருங்களா?”

ஏழு வருடமாக அந்த வாசலில் அவனைக் கடந்து போகும்போதெல்லாம் அவள் அதைச் சொல்லாமல்தான் போயிருக்கிறாள். அது அவனுக்கென்று சொல்லப்பட்டது.

“கிணத்து மோட்டாரை நிறுத்தாம வந்துட்டேன்னாரு,” என்றாள். “வையாபுரிகிட்டச் சொல்லி நிறுத்தச் சொல்லுன்னாரு.”

அவன் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த விரலை எடுத்துவிட்டான். முழங்கையில் ஒரு சொட்டு ரத்தம் எழுந்து நின்றது.

“நிறுத்திட்டேனுங்க அண்ணி,” என்றான். “மூணாம் நாள் பால் தெளிச்சுட்டு வர்றப்ப சத்தம் கேட்டுது. கரண்ட் வர்றப்பெல்லாம் ஓடியிருக்குது. குச்சிக்கிழங்குக் காடு பூரா முட்டளவு தண்ணி. நிறுத்திட்டு அங்கயே உக்காந்துட்டேன். பொழுது சாயற வரைக்கும் எந்திரிக்க முடியல.”

அந்த வருடம் மரவள்ளிக் கிழங்கெல்லாம் அழுகிப்போனது அவளுக்கு நினைவிருந்தது. மழையால் என்று நினைத்திருந்தாள். காட்டைப் பற்றி அவனிடம் கேட்கவும் இல்லை.

அவள் முந்தானையின் முனையை எடுத்துத் தன் முகத்தைத் துடைக்கப் போனாள், பிறகு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து வந்து, அவன் முழங்கையிலிருந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு, கையை மடக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவன் அழுதான். சத்தமாகத்தான் அழுதான், வராந்தாவில் போனவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் அழுகிறவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கம்மாளும் அழுதாள். கார் ரோட்டுக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தடியில், மற்ற வண்டிகளுக்கு நடுவில் நனைந்துகொண்டிருந்தது.

இரவு ஏழரை மணிக்கு அறைக் கதவு திறந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

“மௌனிகா வீட்டுக்காரங்க யாருங்க? பாப்பா கண்ணு முழிச்சிருச்சு. அம்மா உள்ள இருக்காங்க. இன்னும் ஒரே ஒருத்தர் மட்டும் வாங்க.”

இரண்டு பேரும் எழுந்தார்கள். நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தார்.